நோய் வந்தவன் வெளியே, வராதவர்கள் உள்ளே: குவாரண்டின் நாள்கணக்கு எப்படி வருகிறது?

2021 பிப்ரவரி 25. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்), பக்கத்து வீட்டு அக்காவின் மகன் வீடு திரும்பினான். 19 வயது. கோவிட் தொற்று உறுதியாகி எட்டு நாளுக்கு முன்புதான் அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் எல்லாருக்கும் பசியாற ரொட்டி சானாய் வாங்கி வந்தான். அவனுடைய அம்மா, பாட்டி, தங்கை மூன்று பேருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆனால் அவர்கள் கையில் ரோஸ் நிறப் பட்டை இருந்தது. 27ஆம் தேதிவரை வாசலைத் தாண்டக் கூடாது.

அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "சீக்கு வந்தவன் ஊரச் சுத்துறான். சீக்கே வராத எங்கள அடைச்சு வெச்சிருக்காங்க. டெஸ்ட்டும் நெகட்டிவ்னுதான் வந்துச்சு. இது என்னா கணக்கும்மா?"

நான் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். அந்த ஆண்டு முழுக்க இதே கேள்வியைப் பல பேர் பல விதமாகக் கேட்டார்கள். கோபத்தோடு கேட்டவர்களும் உண்டு, அழுதுகொண்டே கேட்டவர்களும் உண்டு. இன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்தால், "அந்தக் குவாரண்டின் எல்லாம் சும்மா ஏமாத்து" என்று ஒருவர் ஆரம்பிப்பார், நாலு பேர் தலையாட்டுவார்கள். ஏமாற்று இல்லை. அதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை யாரும் நம் மொழியில் நமக்கு நிதானமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

## ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. நம் பத்திரிகைகளும் வானொலியும் "தனிமைப்படுத்துதல்" என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு காரியங்களுக்குப் பயன்படுத்தின. மலாயில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு: குவாரந்தின், பெங்காசிங்கான். தமிழில் அந்தக் கோடு அழிந்துபோனது. நான் முதலாவதைக் குவாரண்டின் என்றும், இரண்டாவதைப் பிரித்துவைத்தல் என்றும் சொல்கிறேன்.

பிரித்துவைத்தல் நமக்குப் புதிதில்லை. தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்ததும் யாரும் உள்ளே போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை வெளியே வரும். நோய் வந்தாயிற்று என்று கண்ணுக்குத் தெரிந்த ஆளை மற்றவர்களிடமிருந்து விலக்கிவைப்பது பிரித்துவைத்தல்.

குவாரண்டினும் நம் குடும்பக் கதைக்குள் இருக்கிறது. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே புலாவ் ஜெரஜாக் என்ற சின்னத் தீவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, கப்பலில் வந்தவர்களைக் கரையேற்றுவதற்கு முன் அங்கே இறக்கி நிறுத்திவைத்தார்கள். சஞ்சியில் (கூலி ஒப்பந்தத்தில்) பேர் பதிந்து தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களில் எத்தனையோ பேர் மலாயா மண்ணில் முதலில் மிதித்த இடம் அதுதான். கப்பலில் ஒருவருக்குப் பெரியம்மையோ காலராவோ இருந்தால், நன்றாக இருக்கிற மற்றவர்களையும் சேர்த்து நிறுத்தினார்கள். அவர்கள் நோயாளிகள் இல்லை. நோய் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்கள்.

அந்தத் தெரியாமைதான் குவாரண்டினுக்குக் காரணம். நோய் வந்திருக்க வாய்ப்புள்ளவர், வந்ததா இல்லையா என்று தெரியும்வரை காத்திருப்பது குவாரண்டின். நோய் உறுதியானவர், மற்றவருக்குப் பரப்பும் காலம் முடியும்வரை ஒதுங்கியிருப்பது பிரித்துவைத்தல். இந்த இரண்டும் மனத்தில் தனித்தனியாக நின்றால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

## பயறு ஊறவைத்துப் பாருங்கள்

இரவில் ஒரு பிடி பச்சைப்பயறை ஊறப்போடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைத் திறந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எது முளைக்கும், எது சொத்தை, எது கடைசிவரை கல்லாகவே கிடக்கும் என்று எந்தக் கைகாரியாலும் சொல்ல முடியாது. வடித்துத் துணியில் கட்டிவைத்தால் மறுநாள் சில முளை காட்டும். அதற்கும் மறுநாள் பெரும்பாலானவை முளைத்துவிடும். ஒன்றிரண்டு சோம்பேறிப் பயறு அதற்கும் பிறகு மெல்ல மூக்கை நீட்டும். சில முளைக்கவே முளைக்காது.

நோய்க்கிருமி உடம்புக்குள் புகுந்த நேரத்துக்கும் முதல் அறிகுறி தோன்றும் நேரத்துக்கும் இடையிலுள்ள காலத்தை நோயரும்பு காலம் என்கிறார்கள். அழகான சொல். அரும்பு விட்டுவிட்டது, பூ இன்னும் விரியவில்லை.

கோவிட் கிருமி மூக்கிலும் தொண்டையிலும் உள்ள உயிரணுக்களுக்குள் புகுந்து, அவற்றையே பட்டறையாக்கித் தன்னைப்போல் ஆயிரமாயிரம் செய்கிறது. தொடக்கத்தில் அதன் எண்ணிக்கை மிகக் குறைவு. அது பெருகி, நம் உடம்பு கண்டுபிடித்து எதிர்த்துச் சண்டை போடும்போதுதான் காய்ச்சலும் உடல்வலியும் வருகின்றன. அதாவது, காய்ச்சல் வந்த நாளை நோய் வந்த நாள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நோய் வந்து சில நாள் ஆயிற்று என்பதற்கான அடையாளம் அது.

2020இல் முதன்முதலில் பரவிய கோவிட் வகைக்கு நோயரும்பு காலம் நடுவாகப் பார்த்தால் 5 நாள். பாதிப் பேருக்கு 5 நாளுக்குள் அறிகுறி வந்துவிடும், மீதிப் பாதிக்கு அதற்கும் பிறகு. அறிகுறி வரப்போகிறவர்களில் 100க்கு 97 பேருக்கு 12 நாளுக்குள் வந்துவிடும். 14 நாளும் தாண்டி வருவது 100இல் ஒருவர் அளவுக்குத்தான். அந்தச் சோம்பேறிப் பயறுக்காகத்தான் அத்தனை நாள் காத்திருப்பு.

## காய்ச்சல் வந்தவரை மட்டும் பிடித்தால் போதாதா?

2003இல் வந்த சார்ஸ் நோய்க்கு அது பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. சார்ஸ் வந்தவர் படுத்த படுக்கையான பிறகுதான் மற்றவருக்கு அதிகமாகப் பரப்பினார். காய்ச்சல் பார்த்து ஆளைப் பிடித்துப் பிரித்துவைத்தது அதை ஒழிக்கப் பெரிதும் உதவியது.

கோவிட் அப்படி இல்லை. அறிகுறி தோன்றுவதற்கு ஏறக்குறைய 2 நாள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடுகிறது. காய்ச்சல் தொடங்கும் நாளை ஒட்டித்தான் பரப்பும் வேகம் உச்சத்தில் இருக்கிறது. சிலருக்குக் கடைசிவரை காய்ச்சலே வருவதில்லை, ஆனால் பரப்புவார்கள். கோயில் வாசலிலும் பேரங்காடியிலும் நெற்றியில் வெப்பமானி காட்டிப் பார்த்தார்களே, அது காய்ச்சல் வந்தவரைக் காட்டியது. நாளைக்குக் காய்ச்சல் வரப்போகிறவர் 36.5 பாகை காட்டி, "நன்றி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆகவே நோயாளியைப் பிரித்துவைத்தால் மட்டும் பரவல் நிற்காது. அவரோடு இருந்தவர்களில் யார் அரும்புவிட்டிருக்கிறார் என்று தெரியாததால் அத்தனை பேரும் காத்திருக்கவேண்டியதாயிற்று.

எல்லா நோய்க்கும் இப்படிக் காத்திருப்பு தேவையில்லை. டெங்கியை நம் ஊர் நன்றாக அறியும். அதைப் பரப்புவது கொசு, அதனால் ஆளை அடைப்பதற்குப் பதிலாகப் புகை அடிக்கிறோம், தேங்கிய தண்ணீரைக் கொட்டுகிறோம். 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய நிப்பா இங்கே பெரும்பாலும் பன்றிகளிடமிருந்து மனிதருக்கு வந்தது, அதனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். நோய் எந்த வழியில் வருகிறதோ அந்த வழியில்தான் கதவு போடமுடியும்.

சுருக்கமாக: கிருமி புகுந்த பிறகு சில நாள் ஒன்றும் தெரியாது. தெரியாத அந்த நாள்களிலேயே கோவிட் பரவத் தொடங்கிவிடும். குவாரண்டின் அந்த இடைவெளியை அடைப்பதற்காக.

## "டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துச்சே?"

அக்காவின் கேள்வியில் மிக முக்கியமான பகுதி இதுதான். இதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் நாட்டில் நிறைய வீடுகளுக்கு நோய் போனது.

மூக்கில் குச்சி விட்டு எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கிருமியின் மரபுப்பொருளைப் பன்மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனைதான் பிசிஆர். மிக நுட்பமான சோதனை. ஆனால் அது அந்த இடத்தில், அந்த நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஊறப்போட்ட ஒரு மணி நேரத்தில் தட்டைத் திறந்து "முளை இல்லை" என்று எழுதிக்கொடுத்தால், அந்தச் சீட்டு நாளைக்குச் செல்லுமா?

2020இல் செய்த ஒரு கணிப்பின்படி, கிருமி புகுந்த முதல் நாளில் பிசிஆர் அநேகமாக ஒன்றையும் காட்டாது. நாலாம் நாளில்கூட, தொற்று உள்ள மூன்று பேரில் இரண்டு பேருக்கு நெகட்டிவ் வரலாம். அறிகுறி தொடங்கி மூன்று நாளான பிறகுதான் சோதனை சிறப்பாக வேலை செய்கிறது, அப்போதும் ஐந்தில் ஒன்று தவறிப்போகலாம். பின்னாளில் மருந்துக்கடையில் வாங்கி வீட்டிலேயே செய்த ஆர்டிகே சோதனைக்குக் கிருமி இன்னும் அதிகமாக இருந்தால்தான் கோடு விழும்.

2020 ஜூலையில் கெடாவில் நடந்ததை நினைவிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஓர் உணவக உரிமையாளர். வந்திறங்கியதும் எடுத்த சோதனையில் நெகட்டிவ். 14 நாள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பது உத்தரவு. அவர் கடைக்குப் போய் வந்தார். மாதக் கடைசியில் எடுத்த இரண்டாவது சோதனையில் பாசிட்டிவ். அதற்குள் குடும்பம், வேலையாள், வாடிக்கையாளர் என்று நோய் கைமாறி, 40க்கும் அதிகமானோரைத் தொட்டது. நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதமும் விதித்தது.

அந்தத் தொற்றுத்திரளுக்குச் "சிவகங்கை" என்று பேர் வைத்தார்கள். என் தாத்தாவின் ஊர் அந்தப் பக்கம்தான். நோய்க்கு ஓர் ஊரின் பேரை, அதுவும் நம் மூதாதையர் ஊரின் பேரை வைத்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் நடந்ததிலுள்ள பாடம் பேரை மீறியது. முதல் நாள் நெகட்டிவ் என்பது முடிவு இல்லை. நாள்கள் கழியவேண்டும். அந்தச் சம்பவம் வெளிவருவதற்குச் சற்று முன்பே, ஜூலை 24 முதல், வெளிநாட்டிலிருந்து வருவோர் அனைவரும் அரசு குறித்த இடங்களில்தான் தங்கவேண்டும் என்று விதி மாறியிருந்தது.

## 40, 14, 10: இந்த எண்களை யார் வைத்தது?

1377இல் இன்றைய குரோஷியாவிலுள்ள துப்ரோவ்னிக் துறைமுகம், கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்களை 30 நாள் நிறுத்திவைக்கச் சட்டம் போட்டது. பின்னர் வெனிஸ் அதை 40 ஆக்கியது. அவர்கள் பேச்சில் நாற்பதுக்குக் "குவாரந்தா" என்று பேர், அதிலிருந்து வந்ததுதான் குவாரண்டின். கிருமி என்று ஒன்று உண்டு என்பதே அன்றைக்குத் தெரியாது. பயறு முளைக்க எத்தனை நாள் என்று தெரியாதவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று நிறைய நாள் வைத்தார்கள்.

கோவிட்டில் 14 என்ற எண் நோயரும்பு காலத்தை அளந்து வந்தது. மலேசியாவில் முதல் தொற்றுகள் உறுதியானது 2020 ஜனவரி 25. மார்ச் 18இல் நாடு முழுவதற்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, நம் வாயில் எம்சிஓ. முதலில் அது எதுவரை? மார்ச் 31. எண்ணிப் பாருங்கள், சரியாக 14 நாள். பிறகு ஏப்ரல் 14வரை, ஏப்ரல் 28வரை, மே 12வரை என்று நீட்டினார்கள். ஒவ்வொன்றும் 14 நாள். மார்ச் 27இல் ஜொகூர் சிம்பாங் ரெங்கத்தில் இரண்டு குடியிருப்புகளைச் சுற்றி முள்கம்பி போட்டு அடைத்தார்களே, அதுவும் 14 நாள்தான். பிரதமர் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் "இன்னும் ரெண்டு வாரம், இன்னும் ரெண்டு வாரம்" என்று நாம் சலித்துக்கொண்ட அந்த இரண்டு வாரம், கிருமியின் கணக்கிலிருந்து வந்த இரண்டு வாரம்.

2020 டிசம்பர் 14 முதல் குவாரண்டினை 10 நாளாகக் குறைத்தார்கள். "அப்போ முன்னாடி சொன்னது பொய்யா?" என்று அன்று கிளினிக்கில் ஒரு பெரியவர் மேசையைத் தட்டிக் கேட்டார். பொய் இல்லை. 10 நாளில் பெரும்பாலான பயறு முளைத்துவிடும். மிச்சமுள்ள சிலருக்காக எல்லாரையும் இன்னும் நாலு நாள் அடைத்துவைத்தால் கூலி போகும், மனம் நோகும், பலர் பயந்து தொடர்பையே மறைப்பார்கள். கொஞ்சம் ஆபத்தை ஏற்றுக்கொண்டு நிறையப் பேரின் சுமையைக் குறைப்பது. நோயரும்பு காலத்தை அறிவியல் அளந்து சொல்லும். அதில் எந்த நாளில் கதவைத் திறப்பது என்பது அரசு எடுக்கும் முடிவு. எனக்குக் கேட்டால் அந்த முடிவு சரி. ஆனால் ஏன் குறைத்தார்கள் என்று மக்களுக்கு விளங்கும்படி சொல்லாதது பெரிய தவறு. காரணம் சொல்லாமல் எண் மாறினால் மக்கள் எண்ணையே நம்பமாட்டார்கள்.

## அக்கா வீட்டுக் காலண்டர்

இனி அந்த வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். அக்காவின் சமையலறையில் கடைக்காரர் கொடுத்த முருகன் காலண்டர் தொங்கும். நான் சொல்லச் சொல்ல, ஜன்னலுக்கு உள்ளே நின்று அக்காவின் மகள் அதில் பேனாவால் வட்டம் போட்டாள்.

அக்காவின் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். அவருக்குத்தான் முதலில் தொற்று. பிப்ரவரி 7ஆம் தேதி, தொற்று உறுதியானவர்களைப் பிரித்துவைக்கும் மையத்துக்குப் போனார். அந்த வீட்டில் ஒரே குளியலறை, அதனால் வீட்டிலேயே பிரித்துவைக்க வழியில்லை. மற்ற நாலு பேரும் அவரோடு கடைசியாக இருந்த நாள் 7. அது பூஜ்ஜியம் நாள். 8ஆம் தேதி ஒன்று, 9ஆம் தேதி இரண்டு, இப்படியே 17ஆம் தேதி பத்து. குவாரண்டின் எப்போதும் நோயாளியைக் கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து எண்ணப்படும். சோதனை எடுத்த நாளிலிருந்தோ சீட்டு வந்த நாளிலிருந்தோ இல்லை. பலர் தவறவிட்டது இந்த இடத்தில்தான்.

8ஆம் தேதி நாலு பேருக்கும் சோதனை: நெகட்டிவ். ஏன் அது போதாது என்று மேலே பார்த்துவிட்டோம்.

15ஆம் தேதி இரண்டாவது சோதனை. 17ஆம் தேதி முடிவு வந்தது, விடுதலை என்று நினைத்திருந்த அதே நாள். மகனுக்குப் பாசிட்டிவ். அறிகுறி எதுவும் இல்லை. சுகாதார அமைச்சு நோயாளிகளை ஐந்து வகையாகப் பிரித்திருந்தது. அறிகுறியே இல்லாதவர் முதல் வகை, சுவாச இயந்திரம் தேவைப்படுபவர் ஐந்தாம் வகை. இவன் முதல் வகை. அன்று மாலையே அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இங்கேதான் இரண்டு கடிகாரம் தனித்தனியாக ஓடத் தொடங்குகிறது.

மகனுடையது பிரித்துவைத்தல் கடிகாரம். அறிகுறி இல்லாதவருக்கு அது சோதனைக்குச் சளி எடுத்த நாளிலிருந்து ஓடும். 15ஆம் தேதி பூஜ்ஜியம், 25ஆம் தேதி பத்து. அந்த நாளுக்குள் லேசான தொற்று உள்ளவர் பரப்பும் காலம் முடிந்துவிடும். அவனைப் பற்றித் தெரியாதது எதுவும் மிச்சமில்லை. வந்தது, போனது, முடிந்தது.

அம்மா, பாட்டி, தங்கை மூவருடையதும் குவாரண்டின் கடிகாரம். 15இல் எடுத்தது அவர்களுக்கு நெகட்டிவ்தான். ஆனால் 17ஆம் தேதி மாலைவரை மகனோடு ஒரே வீட்டில், ஒரே சோற்றுப்பானையில் இருந்தார்கள். பாத்திரத்தில் புதிதாக ஒரு பிடி பயறு விழுந்துவிட்டது. பழைய பயறுக்கு எண்ணிய நாளைப் புதிய பயறுக்கு வைக்க முடியாது. 17 மறுபடியும் பூஜ்ஜியம். பத்தாம் நாள், பிப்ரவரி 27.

சோதனை எடுத்த நாளுக்கும் ஆளைக் கூட்டிப்போன நாளுக்கும் இடையே இரண்டு நாள். அந்த இரண்டு நாள்தான் "சீக்கு வந்தவன் வெளிய, வராதவங்க உள்ள" என்று அக்காவுக்கு அவ்வளவு ஆத்திரமூட்டிய இரண்டு நாள். காலண்டரில் இரண்டு நிற வட்டமும் விழுந்த பிறகு அக்கா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். ஆமாம், சொல்லியிருக்கலாம். ஃபோனில் வந்த உத்தரவில் கடைசித் தேதி மட்டும்தான் இருந்தது.

எம்சிஓ ஏன் 14 நாளில் முடியவில்லை என்பதற்கும் இதே விடைதான். வீடு பூட்டியிருந்தாலும் வீட்டுக்குள் அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பாட்டிக்கு என்று ஒவ்வொரு முறையும் புதிய கடிகாரம் ஓடியது. ஏழு பேர் இரண்டு அறையில் இருக்கும் லய வீட்டில், முப்பது பேர் ஒரு கூரைக்குக் கீழே படுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் அது எத்தனை தடவை மறுபடி மறுபடி ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

## குணமானவருக்கும் பாசிட்டிவ் வருகிறதே?

மகன் வேலை செய்யும் பட்டறையில், நெகட்டிவ் சீட்டு காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். காசு கொடுத்துச் சோதனை செய்தான். பாசிட்டிவ் என்று வந்தது. வீடே நடுங்கிப்போனது.

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பால் எடுத்து முடித்த பிறகும் பால் பிடிக்கும் மங்கிலும் வெட்டுக்கோட்டிலும் ஒட்டுப்பால் இருக்கும். அதைப் பார்த்து "மரம் இன்னும் பால் வடிக்கிறது" என்று யாராவது சொல்வார்களா? பிசிஆர் தேடுவது கிருமியின் மரபுப்பொருளை. செத்த கிருமியின் துண்டுகள் குணமாகிச் சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கிலும் மூக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை யாருக்கும் பரவாது. அதனால்தான் லேசான நோயாளியை விடும்போது சோதனைச் சீட்டைப் பார்க்காமல் நாள்களை எண்ணினார்கள். முதலாளிமார் கேட்ட அந்தச் சீட்டுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

முதல் நாள் நெகட்டிவ் நம்மை ஏமாற்றும், கடைசி நாள் பாசிட்டிவும் ஏமாற்றும்.

## யாருக்குக் குவாரண்டின், யாருக்கு வேண்டாம்

நோய் உறுதியானவரோடு ஒரே வீட்டில் இருப்பவர், அல்லது ஒரு மீட்டருக்குள் 15 நிமிடத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர், நெருங்கிய தொடர்பாளர். அன்று குவாரண்டின் அவருக்குத்தான் இருந்தது. அவருடைய அத்தை மகனுக்கோ, அவர் வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரருக்கோ இல்லை. அந்தத் தொடர்பாளர் அரும்புவிட்டிருக்கிறாரா என்பதே தெரியாதபோது அவரைத் தொட்டவரை அடைப்பதில் பொருளில்லை.

எங்கள் ஊரில் இதை யாரும் கேட்கவில்லை. அக்கா வீட்டு வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு கடையில் சாமான் தரமாட்டோம் என்றார்கள். காஸ் தோம்பு கொண்டுவருபவர் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டில் இருக்கிறேன் என்பதால் என்னையே இரண்டு பேர் கோயில் பக்கம் வராதே என்றார்கள். வேலியைத் தாண்டி மூன்று மீட்டர் தள்ளி, முகக்கவரியோடு நின்று பேசுவதால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பயத்துக்கு மீட்டர் கணக்கு கிடையாது.

## அரிசி தீர்ந்தால் கணக்கும் தீர்ந்தது

1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 342ஆம் சட்டம் என்று சொல்வார்கள், அதன் கீழ்தான் வீட்டுக் கண்காணிப்பு உத்தரவு வந்தது. மீறினால் அபராதம், சிறை. ஆனால் சட்டம் சோறு போடாது.

மாதச் சம்பளக்காரர் உத்தரவைக் காட்டி விடுப்பு எடுக்கலாம். அக்கா மூன்று வீட்டில் துணி துவைத்து, பாத்திரம் கழுவி நாள்கூலி வாங்குகிறவர். பிப்ரவரி 8 முதல் 27 வரை 20 நாள். அந்த 20 நாளும் ஒரு வெள்ளி வரவில்லை. வீட்டுக்காரருக்கு லோரி ஓடினால்தான் காசு. 14ஐ 10ஆகக் குறைத்ததைவிட, அந்தப் பத்து நாளுக்கு வீட்டு வாசலில் ஒரு மூட்டை அரிசியும் கொஞ்சம் பணமும் உறுதியாக வந்திருந்தால் அதிகம் பேர் உள்ளே இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். தோட்டத்துப் பக்கம் குலை வெட்டுகிற ஒருவர் எட்டாம் நாளே பட்டையைச் சட்டைக்கைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவரை ஊரே திட்டியது. அவர் வீட்டில் பால்மாவு தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்த ஆண்டு ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி வந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், பார்க்கிறவர்கள் உதவுங்கள் என்று மக்களே ஆரம்பித்தது. எங்கள் தாமானிலும் நாலு வீட்டில் கட்டினார்கள், ஒரு வீட்டில் பழைய பள்ளிச் சீருடை.

பிப்ரவரியில் அது இல்லை. நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் பேசி முறை வைத்துக்கொண்டோம். அக்கா வீட்டுக் கேட்டில் பழைய பால்வாளி ஒன்றை மாட்டினோம். காலையில் ஒருவர் காய்கறி, மறுநாள் இன்னொருவர் மீன். போட்டுவிட்டு மணியடித்துத் தள்ளி நிற்போம். பாட்டி வந்து எடுத்துக்கொண்டு, வாளியில் தேவையானதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பார். ஒரு நாள் "வெத்தல மட்டும்" என்று இருந்தது.

27ஆம் தேதி மாலைவரை மூன்று பேருக்கும் ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா வேலைக்குக் கிளம்பிவிட்டார். போகிற வழியில் என் வீட்டுக் கதவைத் தட்டி, காலி வாளியைத் திருப்பிக் கொடுத்தார். வாளிக்குள் ஆறு முட்டை இருந்தது.